கண்ணாடி ஓரம் கறுக்கிறதா, குருவி வந்து கொத்துகிறதா? வீட்டிலும் தோட்டத்திலும் மாட்டிய அலங்காரக் கண்ணாடிகளின் கோளாறும் தீர்வும்

பெங்களூரில் வீடுகளுக்குக் கண்ணாடியும் பிரேமும் பொருத்திக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஒயிட்பீல்டு அபார்ட்மெண்டாகட்டும், காக்ஸ் டவுன் பழைய பங்களாவாகட்டும், "கண்ணாடி வீணாப்போச்சு, வந்து பாருங்க" என்று வரும் போன்களில் திரும்பத் திரும்ப இதே சில கோளாறுகள்தான். பெரும்பாலும் குற்றம் கண்ணாடியின் முகத்தில் இருக்காது. முதுகில், ஓரத்தில், அது ஒட்டியிருக்கும் சுவரில், அதன்மேல் விழும் வெயிலில் இருக்கும். அதைக் கவனிக்காமல் கண்ணாடியை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்குள் பழைய கதைதான். வீணாகப் புதுக் கண்ணாடி வாங்கவும் வேண்டாம், யாருக்கும் அடிபடவும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கை கடிக்கும் காரணம் கடைசியில். எந்தப் படியில் சரியாகிறதோ அங்கேயே நிறுத்திவிடலாம்.

கையை வைப்பதற்கு முன்

முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு எம்.எம். தடிமனுக்கு 2.5 கிலோ. 4 அடிக்கு 3 அடி, 5 எம்.எம். கண்ணாடி என்றால் கிட்டத்தட்ட 14 கிலோ. மரப் பிரேம் இருந்தால் இன்னும் கூடும். 10 கிலோவுக்கு மேல் இருப்பதைத் தனியாளாகக் கழற்றாதீர்கள். இரண்டு பேர், கையுறை, கால் மூடிய செருப்பு, கீழே பழைய மெத்தை அல்லது கம்பளி.

அப்புறம், அது நிஜக் கண்ணாடியா, அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கி ஒட்டும் பூ, சூரியன், அறுகோண வடிவங்கள் பெரும்பாலும் அக்ரிலிக். நகத்தால் தட்டினால் 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும், தொட்டால் கண்ணாடி அளவுக்குச் சில்லென்று இருக்காது. ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கிளீனர் எதுவும் அக்ரிலிக்குக்கு ஆகாது. நுண்ணிய விரிசல் விழுந்து மங்கிப்போகும். அதற்குச் சோப்புத் தண்ணியும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

அறிகுறி: ஓரம் கறுக்கிறது, ரசம் உரிகிறது

எனக்கு வரும் வேலையில் பெரும்பங்கு இதுதான். கறுப்பு எங்கே தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். இடத்தை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

கறுப்பு கீழ் ஓரத்தில் மட்டும் இருந்தால்

துடைக்கிற விதம்தான் காரணம். கிளீனரைக் கண்ணாடி மேல் நேராக அடித்தால் அது வழிந்து கீழ் ஓரத்தில், பிரேமின் பள்ளத்தில் போய்த் தேங்கும். அங்கிருந்து ரசத்துக்கும் (முகம் காட்டும் பூச்சு) அதைக் காக்கும் பின்பக்கப் பெயிண்டுக்கும் நடுவே ஊறி ஏறும். வாஷ்பேசின் கண்ணாடி என்றால் தினமும் தெறிக்கும் தண்ணியும் அதே வழியில் போகும்.

ஒரு மெல்லிய அட்டையைக் கீழ்ப் பள்ளத்தில் விட்டு இழுத்துப் பாருங்கள். ஈரமாகவோ கறுப்புப் பசையாகவோ வந்தால் சந்தேகமே இல்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது: கிளீனரைத் துணியில் அடியுங்கள், கண்ணாடியில் அல்ல. அம்மோனியாவோ அமிலமோ இல்லாத கிளீனராகப் பாருங்கள். வெறும் தண்ணியும் நன்றாகப் பிழிந்த துணியும்கூடப் போதும். துடைத்த பிறகு காய்ந்த துணியால் ஓரத்தை மட்டும் இன்னொரு முறை ஒற்றி எடுங்கள். அலுமினியச் சேனலில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி என்றால், சேனலின் அடியில் தண்ணி வடிய இரண்டு மூன்று சின்ன ஓட்டை வேண்டும். பல இடங்களில் அது இருக்கவே இருக்காது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டை போட வேண்டும்.

கறுத்த இடம் திரும்ப வெளுக்காது. மேலே பரவாமல் நிறுத்தத்தான் முடியும். அரை அங்குலத்துக்குள் இருந்தால் கொஞ்சம் அகலமான பிரேமோ பீடிங்கோ வைத்து மறைத்துவிடலாம். அதற்கு மேல் போயிருந்தால் கண்ணாடிக் கடையில் கெட்ட ஓரத்தை வெட்டி, எட்ஜ் பாலிஷ் போட்டு, வெட்டிய விளிம்புக்குச் சீலர் பூசி, கொஞ்சம் சின்னக் கண்ணாடியாகத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ஓரத்தைச் சரிவாகச் சீவிய, அதாவது பெவல் போட்ட கண்ணாடிக்கு இது சரிவராது, பெவல் போய்விடும்.

நடுவில் கோடு கோடாக, வட்ட வட்டமாகக் கறுத்தால்

இது பசையின் வேலை. சுவரில் ஒட்டிய கண்ணாடியில், பசை எங்கெல்லாம் வைத்தார்களோ அதே வடிவத்தில் கறுப்பு முன்னால் தெரியும். அக்வேரியத்துக்கும் ஜன்னலுக்கும் போடும் சாதாரண சிலிகான் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலம் பின்பூச்சைத் தாண்டி ரசத்தைத் தின்றுவிடும்.

இந்தக் கண்ணாடியைக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். அடுத்ததை ஒட்டும்போது 'நியூட்ரல்' சிலிகான் என்று டியூபின் மேலேயே போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டுபவர் பக்கத்தில் நின்று பாருங்கள்: பசை மேலிருந்து கீழாகக் கோடுகளாக வர வேண்டும். குறுக்குக் கோடு போட்டால் பின்னால் இறங்கும் ஈரம் அதன்மேல் தங்கிவிடும். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே 3 எம்.எம். இடைவெளியாவது காற்றுப் போக இருக்கட்டும்.

மேல் மூலையிலிருந்தோ, முழுக்கப் புள்ளி புள்ளியாகவோ கறுத்தால்

சுவரில் ஓதம். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறதா, மேலே மொட்டை மாடியா, வெளிச்சுவரா என்று யோசியுங்கள்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கண்ணாடிக்குப் பக்கத்தில், அதே சுவரில், ஓரடிச் சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்முத்து கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் அறையின் காற்றுதான் ஈரம். எக்ஸாஸ்ட் ஃபேனும் ஜன்னலும் பார்த்துக்கொள்ளும்.

போன செப்டம்பர் மழையில் ஒரு வீட்டு ஹாலில் ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றினோம். முன்னால் மேல் மூலையில் காசு அளவுக்குத்தான் கறுப்பு. பின்னால் பட்டி பூசிய சுவர் முழுக்க நமுத்து, விரலை வைத்தால் தயிர்ச்சாதம் மாதிரி உள்ளே போனது. கண்ணாடியின் முதுகில் சாம்பல் பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஒவ்வொரு கொப்புளத்துக்கும் கீழே மெல்லிய கறுப்புக் கால்கள் நாலா பக்கமும் ஓடியிருந்தன. பூஞ்சை வாடை அறை முழுக்க. அந்த நிலையில் புதுக் கண்ணாடி மாட்டுவது பணத்தைச் சாக்கடையில் போடுவது. முதலில் பிளம்பரோ வாட்டர்ப்ரூஃபிங் ஆளோ வந்து கசிவை அடைக்க வேண்டும், சுவர் காய வேண்டும், அதே பிளாஸ்டிக் தாள் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அதுவரை கண்ணாடிக்கடைக்காரரைக் கூப்பிடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பரம்பரைக் கண்ணாடி என்றால்

தாத்தா காலத்துக் கண்ணாடியில் ஆங்காங்கே கறுத்திருப்பது அதன் வயதுக்கு அழகு. அதைத் துடைத்தெடுக்க முயல வேண்டாம். வெள்ளி பூசும் முறையை ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் 1835இல் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய கண்ணாடிகளுக்குத் தகரமும் பாதரசமும்தான் பூச்சு, அதற்குப் பின்னும் சில காலம் அந்த வகை செய்யப்பட்டது. அப்படி மிகப் பழைய கண்ணாடியின் பிரேம் அடியில் பளபளவென்று சின்ன உருண்டைகள் உருள்வதைப் பார்த்தால் கை வைக்காதீர்கள், பெருக்காதீர்கள், குழந்தைகளை விலக்குங்கள். அது பழம்பொருள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. வேறு யாரும் தொடக்கூடாது.

ஆரன்முளைக் கண்ணாடி கதையே வேறு. அது கண்ணாடியே அல்ல, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை மெருகேற்றியது. பிரதிபலிப்பு முன்முகத்திலேயே இருப்பதால் விரல் பட்டாலே கறை. ஈரத்துணி வேண்டாம், மெல்லிய காய்ந்த துணி மட்டும்.

கொலுப் பூங்காவில் குளமாக வைத்த கண்ணாடி கறுத்தால்

ஒவ்வொரு நவராத்திரி முடிந்ததும் இதைக் கேட்பார்கள். மணலைப் பரப்பி, வெந்தயமும் கேழ்வரகும் முளைக்கவிட்டு, நடுவில் கண்ணாடியைக் குளமாகப் பதித்து, தினமும் தண்ணி தெளிக்கிறோம். ஒன்பது நாளும் ஈர மணல் கண்ணாடியின் முதுகிலும் நாலு ஓரத்திலும் ஒட்டியிருக்கிறது. அடுத்த முறை கண்ணாடியின் ஓரம் முழுக்கச் செல்லோடேப்பை முன்னும் பின்னும் மடித்து ஒட்டி, அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்துவிட்டு வையுங்கள். டேப்பை மணல் மறைத்துவிடும். எடுத்து வைக்கும்போது டேப்பை உரித்து, ஒரு நாள் காயவிட்டுப் பேப்பரில் சுற்றுங்கள்.

அறிகுறி: வெள்ளைப் புள்ளி, மூட்டம், எவ்வளவு துடைத்தாலும் போவதில்லை

போர் தண்ணியும் டேங்கர் தண்ணியும் ஓடும் ஏரியா என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். உப்பு படிந்திருக்கிறது. காவேரித் தண்ணி வரும் வீடுகளில் இது குறைவு.

தண்ணியும் வினிகரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து, புள்ளியின் மேல் சில நிமிடம் ஒட்டி வையுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும். ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியே செய்யுங்கள். முன்முகத்துக்கு நல்லது செய்யும் புளிப்பு, ஓரத்தில் போய் ரசத்தைக் கெடுக்கும். பிறகு வெறும் தண்ணித் துணி, அப்புறம் காய்ந்த துணி. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார், ஸ்கிரப்பர் கிட்டவே வரக்கூடாது.

துடைத்த பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் உப்பு இன்னும் மிச்சம், இன்னொரு சுற்றுச் செய்யலாம். வழவழப்பாக இருந்தும் மூட்டமாகத் தெரிந்தால் உப்பு கண்ணாடியையே அரித்துவிட்டது. அதைச் சீரியம் ஆக்ஸைடு பவுடரும் பஃபிங் மெஷினும் வைத்துக் கடையில் மெருகேற்றுவார்கள். சின்னக் கண்ணாடிக்கு அந்தக் கூலியைவிடப் புதுசு மலிவாகிவிடலாம், விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

குளித்து முடித்ததும் வரும் ஆவி மூட்டம் கோளாறு அல்ல. எக்ஸாஸ்ட் ஓடட்டும்.

அறிகுறி: முகம் கோணலாக, அலை அலையாகத் தெரிகிறது

ஒரு நூலைக் கண்ணாடியின் மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் கண்ணாடிக்கும் சந்து தெரிந்தால் கண்ணாடி குழிந்திருக்கிறது. நூல் நடுவில் மட்டும் தொட்டு ஓரங்களில் தூக்கினால் புடைத்திருக்கிறது.

எளிய காரணம், ஸ்க்ரூவையோ கிளிப்பையோ அதிகமாக முறுக்கியது. ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே நேராகிவிடும். ஆகவில்லையா, சுவரே மேடு பள்ளம். ரசமட்டத்தை மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள், பள்ளம் உள்ள இடத்தில் கிளிப்புக்குப் பின்னால் ரப்பர் வாஷர் வைத்துச் சமன் செய்யலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் கண்ணாடி மெல்லியது. 3 எம்.எம். கண்ணாடி ஆளுயரத்துக்கு ஆகாது, 5 எம்.எம். வேண்டும். பிளைவுட் பலகையில் ஒட்டி மாட்டினாலும் நிமிரும். அக்ரிலிக் என்றால் விட்டுவிடுங்கள். பெரிய அக்ரிலிக் தாள் நேராக நிற்காது, அதை எட்டி நின்று பார்க்கும் அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஆடுகிறது, இறங்குகிறது, ஒட்டியது விட்டுப்போகிறது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். கட்டில் தலைமாட்டிலோ, சோபாவுக்கு மேலோ, குழந்தை விளையாடும் இடத்திலோ இருந்தால் முதலில் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அப்புறம் காரணம் தேடுங்கள்.

டபுள் டேப்பில் ஒட்டியது என்றால்

விழுந்த டேப்பின் பின்பக்கம் பாருங்கள். பெயிண்டும் பட்டியும் பெயர்ந்து வந்திருந்தால் டேப் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது, சுவரின் தோல்தான் உரிந்துவிட்டது. எத்தனை பலமான டேப் வாங்கினாலும் இதே கதிதான். அக்ரிலிக் துண்டுகளுக்கு மட்டும் டேப் போதும். நிஜக் கண்ணாடிக்கு ஸ்க்ரூதான்.

ஆணி, ஸ்க்ரூவில் தொங்குவது என்றால்

ஆணியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது பட்டியையும் பூச்சையும் மட்டும்தான் பிடித்திருக்கிறது. டிரில் போட்டு, பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போகும் நீளத்துக்குப் பிளாஸ்டிக் பிளக் இறக்கி ஸ்க்ரூ போட வேண்டும். டிரில் செய்யும்போது தூள் திடீரென்று நின்று ஊசி 'சடக்' என்று உள்ளே போனால் அது ஹாலோ பிளாக் சுவர். அதற்குத் தனி ஆங்கர் உண்டு, எஸ்.பி. ரோடு ஹார்டுவேர் கடைகளில் சுவர் வகையைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும், குழாய் போகும் கோட்டிலும் டிரில் வைக்காதீர்கள்.

ஒரே ஆணியில் கம்பி கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். இரண்டு பக்கமும் இரண்டு கொக்கி போட்டால் சாய்வும் நிற்கும், எடையும் பிரியும். கதவு சாத்தும்போது டக் டக் என்று அடித்தால் கீழ் மூலைகளில் பின்னால் ஃபெல்ட் பொட்டு ஒட்டுங்கள்.

தரையில் சாய்த்து வைத்தது என்றால்

இப்போது எல்லா வீட்டிலும் இந்தப் பெரிய சாய்வுக் கண்ணாடி இருக்கிறது. டைல்ஸ் தரையில் அடி வழுக்கும், குழந்தை பிடித்து எழுந்தால் முன்னால் கவிழும். மேல் பக்கம் இரண்டு எல் கிளாம்போ சின்னச் சங்கிலியோ போட்டுச் சுவரோடு கட்டுங்கள், அடியில் ரப்பர் வையுங்கள். இதைச் செய்யாத வீட்டில் நான் கண்ணாடியை விட்டுவிட்டு வருவதே இல்லை.

'டஃபன்டு', அதாவது சூடேற்றிப் பலப்படுத்திய கண்ணாடி என்று சொல்லி விற்றால் நன்றாக விசாரியுங்கள். ரசம் பூசிய பிறகு கண்ணாடியைச் சூடேற்றி டஃபன் செய்ய முடியாது. பாதுகாப்பு வேண்டும் என்றால் பின்பக்கம் சேஃப்டி ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி கேளுங்கள். உடைந்தாலும் துண்டுகள் ஃபிலிமைப் பிடித்துக்கொள்ளும்.

முழுச் சுவருக்கு ஒட்டிய கண்ணாடி ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். நெம்புகோல் வைத்து நெம்பினால் உங்கள் மேலேயே உடையும். தெரிந்தவர்கள் முன்பக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டிவிட்டு, பின்னால் மெல்லிய கம்பியை விட்டு ரம்பம் அறுப்பதுபோலப் பசையை அறுத்து எடுப்பார்கள்.

அறிகுறி: யாரும் தொடாமலே விரிசல்

விரிசல் எங்கே பிறந்தது என்று பாருங்கள். ஸ்க்ரூ ஓட்டையிலோ கிளிப்பிலோ தொடங்கினால் முறுக்கு அதிகம், அல்லது பிளாஸ்டிக் வாஷர் போடவில்லை. ஓரத்திலிருந்து நேர்செங்குத்தாகக் கிளம்பிப் பிறகு வளைந்து போனால் வெயில் சூடு. பாதி வெயிலில், பாதி நிழலில் இருக்கும் கண்ணாடியில் இது வரும், எட்ஜ் பாலிஷ் போடாத கண்ணாடியில் சீக்கிரம் வரும். இரண்டிலுமே கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். மாற்றும் வரை விரிசல் மேல் அகலமான டேப் ஒட்டி வையுங்கள்.

தோட்டத்தில், மாடியில், பால்கனியில்

சின்ன இடத்தைப் பெரிதாகக் காட்டத் தோட்டக் கண்ணாடி மாதிரி எதுவும் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் கண்ணாடிக்கு நாம் மட்டும்தான் பார்வையாளர். வெளியே குருவி, செடி, சூரியன், எதிர் வீட்டுக்காரர் எல்லோரும் உண்டு. இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு அதிகம் கவலை பறவைகளைப் பற்றித்தான்.

குருவி விடாமல் கொத்துகிறது

செம்மீசைச் சின்னான், தேன்சிட்டு, குண்டுகரிச்சான் மூன்றையும் பெங்களூர்த் தோட்டங்களில் இப்படிப் பார்க்கலாம். கூடு கட்டும் காலத்தில், கண்ணாடியில் தெரிவது தன் இடத்தைப் பிடிக்க வந்த எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகும். காலையில் தொடங்கினால் மணிக்கணக்கில் நிற்காது. இரையும் தேடாமல், துணையையும் கவனிக்காமல் ஓய்ந்துபோகும். கண்ணாடி மேல் விளிம்பில் எச்சம், நடுவில் அலகும் நகமும் இழுத்த மெல்லிய கோடுகள் இருந்தால் இதுதான்.

விரட்டிப் பயனில்லை. ஒரு பழைய வேட்டியோ சாக்கோ போட்டுக் கண்ணாடியை முழுக்க மூடுங்கள், சில வாரம் அப்படியே இருக்கட்டும். பாதி மூடினால் மீதிப் பாதியில் போய்க் கொத்தும். கூட்டிலிருந்து குஞ்சுகள் பறந்த பிறகு திறக்கலாம். அடுத்த வருடமும் அதே பறவை, அதே சண்டை என்றால் கண்ணாடியின் இடத்தை மாற்றுங்கள்.

பறவை வந்து மோதுகிறது

இது சண்டை அல்ல, ஏமாற்றம். கண்ணாடியில் தெரியும் வானத்தையும் செடியையும் நிஜம் என்று நம்பி முழு வேகத்தில் வருகிறது. கண்ணாடியில் மங்கலான இறகுத் தடமோ கீழே ஓர் இறகோ கிடந்தால் மோதியிருக்கிறது.

முதலில், வானம் தெரியாத மாதிரிக் கண்ணாடியைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். வானம் மறைந்து மண்ணும் தொட்டியும் மட்டும் தெரியும் வரை மேல் பக்கம் பேக்கிங் கொடுங்கள். அடுத்து, இடுப்பு உயரத்துக்குக் கீழே இறக்கி, முன்னால் பெரணியோ மணி பிளாண்டோ படரவிடுங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் முன்முகத்தில் 2 அங்குலத்துக்கு ஒன்றாகப் பொட்டோ கோடோ ஒட்டுங்கள், அல்லது ஜன்னல் கம்பி மாதிரி மரச் சட்டம் நெருக்கமாக அடியுங்கள். ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டினால் பறவைகள் அதை விட்டுப் பக்கத்து வெற்றிடத்தில் மோதும்.

மோதி விழுந்த பறவையைக் காற்று ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வையுங்கள். வாயில் தண்ணி ஊற்றாதீர்கள். ஒரு மணி நேரத்தில் தெளிந்து பறக்கவில்லை, அல்லது இறக்கை தொங்குகிறது என்றால் கெங்கேரியில் உள்ள பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

ஒரு பக்க இலை மட்டும் கருகுகிறது

செடியின் எந்தப் பக்கம் கருகியிருக்கிறது? கண்ணாடியைப் பார்த்த பக்கம் என்றால், அந்த இலைகளுக்கு நேர் வெயிலோடு திருப்பியடித்த வெயிலும் சேர்ந்து விழுகிறது. காலை 8, பகல் 12, பிற்பகல் 3 மணிக்குப் போய் வெளிச்சத் திட்டு எங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் குறியுங்கள். அந்த இடங்களிலிருந்து தொட்டியை நகர்த்தினால் முடிந்தது.

"வடக்குப் பார்த்த சுவர்தான், வெயிலே படாது" என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். பெங்களூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே இல்லாத நாள் வரும். ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பவும் வரும். இந்த இரண்டுக்கும் நடுவே உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் மாட்டும்போது நிழலில் இருந்த கண்ணாடி மே மாதம் வெயிலைப் பிடித்துச் செடி மேல் அடிப்பது இதனால்தான். டிசம்பரில் குறித்த சாக்பீஸ் குறி மே மாதத்துக்கு உதவாது, திரும்பக் குறியுங்கள்.

தட்டையான கண்ணாடி இலையைக் கருக்கும், தீ வைக்காது. குழிந்த கண்ணாடி வைக்கும். முகம் பெரிதாகத் தெரியும் ஷேவிங், மேக்கப் கண்ணாடிகளை வெயில் விழும் ஜன்னலிலோ தோட்டத்திலோ வைக்கவே கூடாது. லண்டனில் ஃபென்சர்ச் தெருவின் 20ஆம் எண் கட்டடத்தின் குழிந்த கண்ணாடி முகப்பு 2013இல் வெயிலைக் குவித்துக் கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்களையே உருக்கியது. வெயிலில் வளைந்துபோன அக்ரிலிக் தாளும் குழிந்த கண்ணாடியாகிவிடும். நூல் சோதனையில் குழி தெரிந்தால் வெளியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எதிர் வீட்டுக்காரர் கண் கூசுகிறது என்கிறார்

திருஷ்டிக்காக வாசலில் மாட்டும் கண்ணாடியிலும் இது வரும். சண்டைக்கு முன் அவர் சொல்லும் நேரத்தில் அவர் வீட்டில் நின்று நீங்களே பாருங்கள். கண்ணாடியைக் கீழ்நோக்கிச் சாய்த்தாலே தீரும். சாலையில் வண்டி ஓட்டுபவர் கண்ணில் அடித்தால் சாய்த்துப் பார்க்கவெல்லாம் வேண்டாம், அன்றைக்கே இறக்குங்கள்.

மழைக்குப் பிறகு தோட்டக் கண்ணாடி முழுக்கக் கறுத்தது

வீட்டுக்குள் மாட்டும் கண்ணாடியை வெளியே மாட்டியிருப்பீர்கள். பின்னால் காற்றுப் போக ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, ஓரத்துக்குச் சீலர் பூசி, மேலே சின்னக் கூரை மாதிரித் தகடு வைத்தால் நிறைய நாள் தாங்கும். மழையில் நேராக நனையும் இடம் என்றால் மெருகேற்றிய ஸ்டீல் தகடே நல்லது. குரங்கு வரும் பகுதியிலும் அதுவேதான்: அவற்றுக்குக் கண்ணாடி என்றால் கொள்ளைப் பிரியம், பிடுங்கிப் போட்டு உடைத்துவிடும்.

அறிகுறி: லைட் வைத்த கண்ணாடி மினுக்குகிறது, டச் வேலை செய்யவில்லை

டச் பொட்டின் மேல் உள்ள ஈரத்தைத் துடையுங்கள். மெயினை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். இதற்கு மேல் பாத்ரூமில் நீங்கள் எதையும் திறக்காதீர்கள். அடாப்டர் போயிருக்கலாம், எலக்ட்ரீஷியன் மாற்றுவார். பிரேமைத் தொடும்போது லேசாகச் சுர்ரென்றால் உடனே மெயினை அணையுங்கள். எர்த்திங் பார்க்காமல் திரும்பப் போடக்கூடாது.

உடைந்தே போனால்

பெரிய துண்டுகளைக் கையுறையோடு எடுத்துப் பல மடிப்புப் பேப்பரில் சுற்றி டேப் ஒட்டுங்கள். பொடியை ஈரப் பேப்பரால் ஒற்றி எடுங்கள், விளக்குமாற்றில் ஒட்டிக்கொண்டால் நாளைக்கு வேறெங்கோ உதிரும். விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்தால் மிச்சத் துகள் மின்னிக் காட்டும். குப்பைப் பையில் மற்றதோடு கலக்காதீர்கள். அதைக் கையால்தான் பிரிக்கிறார்கள். காலையில் வண்டி வரும்போது பொட்டலத்தைத் தனியாக நீட்டி, 'ஒடெத காஜு' என்று கன்னடத்தில் சொல்லிக் கொடுங்கள்.